மாற்றி வைக்காத பாடை

"மாத்தி வெச்சீங்களா இல்லியா? அத மட்டும் சொல்றா!"

"கத்தாதக்கா. மழை ஊத்துது, வேன்ல போறோம். எங்க எறக்குறது, எங்க மாத்துறது?"

"அப்ப மாத்தல."

"மாத்தல. இப்ப என்னான்ற?"

"என்னான்றனா? பெத்த அப்பன்டா! வூட்டுக்கு வர்ற வழியத் தொறந்து வுட்டுட்டு வந்து நின்னுகினு, என்னான்றியா?"

கார்த்யாயினி சிதம்பரம் கீழவீதியில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவின் கருமாதிக்குத் தம்பி வீட்டுக்கு வந்தவள், படையல் சோறு செரிப்பதற்குள் போட்ட இந்தச் சத்தம் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் பாதிக்குக் கேட்டது. மீதிப் பாதி, கொடியில் கிடக்கும் துணியை எடுக்கிற சாக்கில் வெளியே வந்து கேட்டுக்கொண்டது. ஐப்பசி மழையில் எவர் கொடியில் துணி போட்டிருந்தார்கள் என்று தம்பி நடேஷ் திருப்பிக் கேட்டிருந்தால், எங்களிடம் பதில் இருந்திருக்காது.

சங்கதி இதுதான். அப்பா சபாநாயகத்தை எடுத்த அன்றைக்குப் புயல் மழை. பாடை கட்டியாயிற்று, தோள் கொடுக்க ஆளும் இருந்தது, தெருவில் முழங்கால் தண்ணீர். பாடையோடு சேர்த்து வேனில் ஏற்றிவிட்டார்கள். சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல் என்று ஒன்று உண்டு. அதன்முன் பாடையை இறக்கி, தலை இருந்த பக்கம் கால் வருகிறமாதிரி திருப்பி வைத்து, அப்புறம்தான் உள்ளே தூக்கிப் போவது வழக்கம். போனவருக்கு வந்த வழி மறந்துபோக வேண்டும் என்பதற்காக. வேன் அந்தக் கல்லைத் தாண்டி நேரே உள்ளே போய்விட்டது. வேனைப் பிடித்துக்கொண்டு வந்தவர் கார்த்யாயினியின் வீட்டுக்காரர் செம்பியன். அவர் இந்தச் சண்டை முழுக்கக் கைபேசியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"வுடு மச்சான், அக்காவுக்கு மனசு ஆறல," என்று ஒருதரம் வாயைத் திறந்தார்.

"நீங்க பேசாதீங்க. டிரைவர் பக்கத்துல குந்திகினு போனவரு நீங்கதான்," என்றாள் கார்த்யாயினி. அவர் திரும்பவும் கைபேசிக்குள் போய்விட்டார்.

கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நடேஷின் மனைவி சிவப்ரியா இதையெல்லாம் கேட்டாள். பொதுவாகவே அவள் பேசமாட்டாள். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். என்ன வேலை என்பது எங்கள் தெருவுக்கு நெடுநாள் புரியாமல் உறுத்திக்கொண்டிருந்த சமாச்சாரம். பால் ஊற்றுகிற லோகநாயகிதான் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஒரு புரோகிராம் தப்பாப் போச்சுன்னா," என்றாளாம் சிவப்ரியா, "வந்த வழியே ஒவ்வொரு அடியாப் பின்னால போய்ப் பாக்குறதுக்கு ஒரு கருவி இருக்குக்கா. அது பின்னால போவணும்னா, முன்னால போறப்பவே ஒவ்வொரு அடியிலயும் எது மாறப்போவுது, மாறுறதுக்கு முன்ன அது எப்படி இருந்துச்சுன்னு பதிஞ்சு வெச்சிக்கணும். ஒண்ணு பதியாம வுட்டுப்போச்சுன்னா, திரும்பி வர்றப்ப மத்ததெல்லாம் பழையபடி ஆயிடும், அது மட்டும் ஆவாது. சில சமயம் புரியாத அடி ஒண்ணு வந்துச்சுன்னா பதிவே அங்க நின்னுபோயிடும். அந்த வுட்டுப்போன அடியச் சேக்குறதுதான் என் வேலை."

"இதுக்கா முதுகுவலின்ற?" என்று கேட்டுவிட்டு லோகநாயகி அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்று சாயந்திரத்துக்குள் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது, புரியத்தான் இல்லை.

கருமாதிச் சண்டை ஓய்ந்து, சிதம்பரத்துக் கார் கிளம்பிப் போனதும், கேட்டைச் சாத்த வந்த சிவப்ரியா தெருமுனையைப் பார்த்து நின்றாள். மழை விட்டிருந்தது. வேப்பமரத்திலிருந்து சொட்டும் நீரின் சத்தமும், சாக்கடையில் தவளைச் சத்தமும், எங்கோ ஒரு வீட்டில் கடுகு தாளிக்கும் வாசனையும் கலந்து கிடந்த அந்த மங்கலில், முனையிலிருந்த தார்ச்சாலையின் விளிம்பில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ சிந்திக் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். செவ்வந்தியும் பன்னீர் ரோஜாவும். நடுவே பொரி. அன்றைக்கு வேனிலிருந்து வீசிக்கொண்டே போன அதே கலவை. அந்தப் பூ அன்று மாலையே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதை அவள் மாடியிலிருந்து பார்த்திருந்தாள். இது இப்போதுதான் காம்பிலிருந்து உதிர்த்ததுபோல் இருந்தது. இத்தனை ஈரத்தில் பொரி நமுத்துக்கூடப் போகவில்லை.

வேறு சாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். அந்தப் பக்கம் யாரும் சாகவில்லை. செத்திருந்தால் எங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

மறுநாள் பூ டிரான்ஸ்பார்மர் அடியில் கிடந்தது. பெருக்குகிறவள் வாரிக்கொண்டு போனாள். அதற்கும் மறுநாள் ராஜாமணி டெய்லர் கடை வாசலில். ராஜாமணி நடைபாதைப் பூக்காரர்களைத் திட்டினார். அப்புறம் எதிர்ச்சாரியில், அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவரோரம். முனையிலிருந்து வீட்டை நோக்கி. வேன் வீட்டிலிருந்து முனையை நோக்கிப் போனது.

இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைக் கவனித்தது எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். அன்றாடம் அவள் திரையில் பார்ப்பது அதைத்தான். கடைசியில் நடந்தது முதலில் அவிழும். அதற்கு முந்தியது அடுத்து.

செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, சட்டையில் அந்த அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்த நடேஷிடம் சொன்னாள்.

"மாமா திரும்பி வர்றாருங்க."

அவன் சோற்றிலிருந்து தலை தூக்கினான். "எங்க அக்கா போன் பண்ணுச்சா?"

"இல்லிங்க. பூவப் பாத்தேன். போன வழியிலயே பின்னால வர்றாரு. கல்லுகிட்ட ஒரு அடி வுட்டுப்போச்சு, அதான். அத இப்ப சேத்துட்டா சரியாப் போயிடும். ஒரு வாழத்தண்ட மாமாவா வெச்சு, பச்ச ஓலையில பாடை மாதிரி கட்டி, கல்லுகிட்ட எறக்கி மாத்தி வெச்சிட்டு வந்துடுங்க."

"வண்டிய டெலிவரி பண்ணப்புறம் நட்டு முடுக்கச் சொல்ற," என்று சிரித்தான். ஆனாலும் அக்காவுக்குப் போன் போட்டான். அக்கா கெடிலக்கரைச் சுடுகாட்டுக்குப் போன் போட்டு விசாரித்தாள். அங்கே வேலை பார்க்கும் தங்கராசு, அப்படிச் செய்கிறது உண்டுதான், வரச் சொல்லுங்க என்றார். செம்பியன் தன் பாவத்தைத் தொலைக்க அவராகவே வருவதாகச் சொல்லிவிட்டார். நடேஷுக்கு ஷிப்ட் மாறுகிற நாள் பார்த்து வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று. யோசனை சொன்னவள் சிவப்ரியா. இதை மறக்கக் கூடாது, அவளும் மறக்கவில்லை.

அதுவரை மாமியாரை இங்கே வைத்திருக்க அவளுக்குப் பயம். தர்மாம்பாளைச் சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டால், வருகிறவர் வெறும் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

"பத்து நாளைக்கு அண்ணி வூட்ல இருந்துட்டு வாங்க அத்த. நடராஜர் கோயிலுக்குப் போய்வர கிட்ட."

தர்மாம்பாள், புருஷன் உயிர் போன அந்த ஒயர் நாற்காலியின் எதிரில் தரையில் உட்கார்ந்து அவருடைய துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். கையில் தேத்தண்ணீரோடு அதில் சாய்ந்தவர்தான் சபாநாயகம். டம்ளர் கீழே விழவுமில்லை.

"நான் எங்கியும் வர்ல."

"ஏன் அத்த?"

"அவுரு வர்ற நேரத்துல வூடு பூட்டிக் கெடக்கலாமா?"

சொல்லும்போது அந்த முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று ஓடியது.

வெள்ளிக்கிழமை மத்தியானமே சாயந்திரம்போல் இருட்டிக்கொண்டு வந்தது. வாழைத்தண்டை பைக்கின் பின்னால் செம்பியன் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார, இருவரும் கெடிலக்கரைக்குப் போனார்கள். போன சற்று நேரத்தில் மழை பிடித்தது, மின்சாரம் போயிற்று. மின்விசிறி தளர்ந்து நின்றதும், அதுவரை அதன் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஓட்டுத் தாழ்வாரத்தில் மழை விழும் சத்தம். பாத்ரூம் குழாய் சொட்டும் சத்தம். உள்ளறையில் மாமியார் மெல்ல எதையோ முனகும் சத்தம். சிவப்ரியா கூடத்து மேசைமுன், பேட்டரியில் ஓடும் லேப்டாப்பின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கேட் சத்தம் கேட்டது.

சபாநாயகம் குனிந்து கேட்டைத் திறக்கிறவர் இல்லை. கைத்தடியின் வளைவால் கொக்கியை ஒரு தட்டு, கீல் கிறீச்சிடும், பின் 'டங்'கென்று சாத்துகிற சத்தம், கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொள்வார். இப்போது முதலில் செருமல் வந்தது, அதுவும் முடிகிற இடத்திலிருந்து தொடங்கி, ஆரம்பிக்கிற இடத்தில் வெட்டினாற்போல் நின்றது. அப்புறம் 'டங்'. அப்புறம் கீல். கடைசியில் கொக்கி.

எட்டிப் பார்த்தாள். கேட் சாத்தியபடி இருந்தது. படியில் செவ்வந்தி.

காற்றுதான். காற்று பூவைக் கொண்டுவரும், கேட்டையும் ஆட்டும். செருமுமா என்ற கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இன்னும் சிறிது நேரத்தில் மாற்றி வைத்துவிடுவார்கள். சரியாகிவிடும். வேலையைப் பார்த்தால் மனம் நிற்கும் என்று திரையின் பக்கம் திரும்பியபோது காலடியில் ஏதோ நெருடியது. பச்சரிசி. கூடத்துத் தரையில், நாற்காலிக்குப் போகும் வழியில் சிறு சிறு குத்தாகக் கிடந்தது. ஒரு மணியை எடுத்தாள். ஈரம். மழை ஈரமில்லை, கொழகொழவென்று, வாயிலிருந்து துப்பியது போல. அன்று எல்லாரும் வரிசையாக நின்று போட்ட வாய்க்கரிசி. அவள் போட்டதும் அதில் இருக்கும்.

புடவையில் விரலைத் துடைத்துத் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி மேசைமுன் உட்கார்ந்தாள். திரையில் ஒரு புகார் காத்திருந்தது. எந்த ஊர்க்காரரோ, தமிழ்மணி என்று ஒருவர். நீங்கள் கொடுத்த திருத்தத்தைப் போட்டுவிட்டேன், அப்படியும் பின்னால் போகும்போது அந்த ஒன்று மட்டும் பழையபடி ஆகவில்லை என்று எழுதியிருந்தார். எல்லாரும் செய்கிற தவறுதான். அவளுக்கு மனப்பாடமான பதில். தட்டத் தொடங்கினாள்.

நீங்கள் பழைய பதிவையே பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். திருத்தம் இனிமேல் நடக்கப்போவதற்குத்தான். ஏற்கெனவே நடந்து முடிந்ததை அது

விரல் நின்றது.

ஏற்கெனவே.

பாடையை மாற்றி வைப்பது எதற்கு? ஆளுக்கு வந்த வழி மறந்துபோவதற்கு. கல்லில் இருந்தவரை அவர் வந்த வழி வீட்டு வழி. இப்போது அவர் கல்லில் இல்லை. பூவைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, வீட்டுக்குள் இருக்கிறார். இப்போது மாற்றினால் மறக்கப்போவது எந்த வழி? அவர் போகவேண்டிய வழி.

நடேஷுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுடுகாட்டுக்குள் போகிறபோது கைபேசியை வண்டிப் பெட்டியில் வைத்துவிடுவான். செம்பியனுக்குப் போட்டாள். உடனே எடுத்தார். அவர் என்றைக்குக் கைபேசியைக் கீழே வைத்திருக்கிறார்?

"அண்ணா, மாத்தாதீங்க! அப்படியே வெச்சிட்டு வந்துடுங்க!"

"மாத்தியாச்சேம்மா!" மழைக்கு மேலே அவர் குரல் பெருமையாக வந்தது. "தலை இந்தாண்ட, காலு அந்தாண்ட. நானே ஒரு பக்கம் புடிச்சேன். இனிமே உங்க அண்ணி என்னை ஒண்ணும் சொல்ல முடியாது, இன்னா?"

கைபேசியை வைத்தாள்.

சீயக்காய் வாசனை.

கூடத்துத் தரை நனைந்து பளபளத்தது. அன்று குளிப்பாட்டிய தண்ணீர். அது சுவரோரங்களிலிருந்து மெல்ல நடுவே கூடி, ஒரு ஆள் நீளத்துக்குத் திரண்டு, காய்ந்தது. அப்புறம் உர்ரென்று ஓர் ஓசை. ஐஸ் பெட்டியின் ஓசை. அந்த ஓசையோடு இரண்டு ராத்திரி படுத்திருக்கிறாள், மறக்குமா? பெட்டியை என்றைக்கோ திருப்பிக் கொடுத்தாயிற்று. வீட்டில் மின்சாரமும் இல்லை. உர்ர்ர். பின் நின்றது.

இனி ஒன்றுதான் பாக்கி. நாற்காலி.

அதற்குள் மாமியாரை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடவேண்டும். உள்ளறைக்குப் போனாள். தர்மாம்பாள் அங்கே இல்லை.

"சூடு ஜாஸ்தியா இருக்குதா? ஆத்தித் தரட்டா?"

குரல் கூடத்திலிருந்து.

சிவப்ரியா திரும்பினாள்.

முதலில் நாற்றம். எருமுட்டையும் நெய்யும். அதன்மேல் பிளாஸ்டிக் உருகும் நாற்றம்; நாற்காலியின் ஒயர் நீளநீளமாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். இடம் சரி. வலது காலை இடதின்மேல் போட்டிருந்த விதம் சரி. தோளில் துண்டு, அதுவும் சரி. எங்கே இருந்தார், எப்படி இருந்தார் என்பது ஒன்று விடாமல் திரும்பியிருந்தது. கல்லோடு நின்றுபோன பதிவு. அதற்கடுத்த அடி தீ. பதியாதது திரும்பாது; எரிந்த உடம்பு எரிந்தபடியே இருந்தது.

சாம்பல். நெற்றி, கன்னம், விரல், எல்லாம் சாம்பல். மூச்சு உள்ளே போகும்போது சாம்பலுக்கடியில் சிவந்தது. வெளியே வந்ததும் கருத்தது.

சிவந்தது. கருத்தது.

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். சுர்ரென்றது.

பின் எழுந்தார். வாசல்வரை போனார். தெருவைப் பார்த்தார். இடது பக்கம். வலது பக்கம். பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாமல் நிற்கும் வெளியூர்க்காரரைப்போல் நின்றார். திரும்பிப் போக எழுந்தவர்தான். அது தெரிந்தது.

வழி தெரியவில்லை.

"எங்க போறீங்க இந்த மழையில? வந்து குந்துங்க," என்று தர்மாம்பாள் அவர் கையைப் பிடித்தாள்.

தோல் பொசுங்கும் சத்தம்.

"அத்த, வுடுங்க! வாங்க அத்த!" சிவப்ரியா மறு கையைப் பற்றி இழுத்தாள். கிழக்கும் மேற்குமாய் இழுபட்டு நின்ற தர்மாம்பாள், மருமகளின் விரல்களைத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"நீ வுடு சிவா."

நாங்கள் பார்த்தது அதற்குப் பிறகுதான். செருப்பில்லாமல், அடைமழையில், தெரு நடுவே நின்று அவள் வாயைத் திறந்து திறந்து மூடியதையும், பைக்கில் வந்திறங்கிய நடேஷ் உள்ளே போய், போன வேகத்தில் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்ததையும்.

அம்மாவைக் கூட்டிப்போக அவன் எத்தனையோ முறை வந்தான். கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று கூப்பிட்டுவிட்டுப் போனான். இப்போது புருஷனும் பெண்டாட்டியும் சிதம்பரம் தெற்கு வீதியில் குடியிருக்கிறார்கள். சிவப்ரியா அந்த வேலையை விட்டுவிட்டு டியூஷன் எடுக்கிறாளாம். எதையும் இரண்டாம் தடவை சொல்லித்தர மாட்டாளாம், பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்கின்றன. கார்த்யாயினியின் மகள் காயத்ரி தையில் கல்யாணமாகிக் காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். நல்ல இடம், சாப்பாட்டில்தான் உப்புக் கம்மி. பத்திரிகை வைக்க வந்த செம்பியன், கேட்டுக்கு வெளியிலிருந்தே அதை உள்ளே வீசிவிட்டுப் போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

தர்மாம்பாள் மட்டும் எங்கும் போகவில்லை. ஒயர் நாற்காலியைக் குப்பையில் போட்டுவிட்டு இரும்பு நாற்காலி ஒன்று வாங்கியிருக்கிறாள். காலையில் பால் வாங்க வெளியே வருகிறபோது தலையில் பூ. தாலி இறங்கிய பொம்பளைக்கு என்ன பூ என்று தெருவில் பேச்சு எழுந்தது. லோகநாயகி ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்தபிறகு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. பொட்டு இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரல் அளவுக்குத் தீக்காயம். நேற்றையது ஆறுவதற்குள் அதன்மேலேயே இன்றைக்குப் புதிதாக, நீர்கோத்துக்கொண்டு.

"நான் வெச்சிக்கிறன்னு சொன்னாலும் கேக்க மாட்டன்றாரு," என்றாளாம் தர்மாம்பாள், சொம்பை நீட்டியபடி. "தெனம் அவுரு கையாலதான்."

அவளுக்குப் பின்னால், ஜன்னல் சாத்திய கூடத்தின் இருட்டில், ஆள் உயரத்துக்கு ஏதோ சிவந்தது. கருத்தது. மறுபடி சிவந்தது.